மார்ஷல் பார்த்தாச்சு, அப்புறம் என்ன?

கேள்வி, பிப்ரவரி 6

ரேபியர், அதாவது குத்துவதற்கான நீண்ட மெல்லிய பழைய கால வாள், பழக ஆரம்பித்துச் சில மாதம் ஆகிறது. போகிற இடமெல்லாம் களத்தில் இறங்கும் முன் மார்ஷல், அதாவது பாதுகாப்பைப் பார்க்கும் பொறுப்பாளர், வந்து மாஸ்க்கைக் கட்டைவிரலால் அமுக்குகிறார், பிளேடை வளைத்துப் பார்க்கிறார், கையைத் தூக்கச் சொல்கிறார். ரெண்டு நிமிஷம். "சரி, போங்க" என்கிறார். என் சாமான் எல்லாம் புதுசு. ஜாக்கெட்டில் 350 நியூட்டன், மாஸ்க்கில் 1600 நியூட்டன் என்று லேபிள் இருக்கிறது. லேபிள் இருக்கும்போது இந்தச் சடங்கு எதற்கு? அதைவிட, காலையில் பார்த்தவரே மதியம் மறுபடி "டிப்பைக் காட்டு" என்று வாள்முனையில் மாட்டிய ரப்பர் மூடியைக் கேட்கிறாரே, அது எதற்கு?

பிப்ரவரி 6, இரவு

சடங்கு என்பதில் பாதி உண்மை. ஆளை நேராக நிற்கவைத்து, "எல்லாம் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அனுப்புகிற மார்ஷல்களை நானும் பார்த்திருக்கிறேன். அது சடங்கேதான். நேராக நிற்கும்போது எந்த உடுப்பும் சரியாகத்தான் இருக்கும். அதைத் தைக்க அளவெடுத்ததே அந்த நிலையில்தானே.

சண்டையில் யாரும் அப்படி நிற்பதில்லை. முன்கால் பாய்ந்து கை நீண்டால் ஜாக்கெட் இடுப்பை விட்டு மேலே ஏறும். கை தலைக்கு மேல் போனால் அக்குள் திறக்கும். முழங்கை மடங்கி நீளும்போது சட்டைக்கை பின்னால் போய், கிளவுஸுக்கும் அதற்கும் நடுவில் மணிக்கட்டுத் தோல் எட்டிப்பார்க்கும். தலையைப் பின்னால் சாய்த்தால் மாஸ்க்கின் பிப், அதாவது கழுத்துக்குத் தொங்கும் துணி, கார்ஜெட் என்ற கழுத்துக் காப்பை விட்டு எழும்பும். நான் பார்ப்பது இந்த இடங்களைத்தான். சாமான்களைப் பார்ப்பதைவிட, சாமான்களுக்கு நடுவில் என்ன திறக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

அதனால் என்னிடம் வருகிறவர்களை முதலில் ஒரு பாய்ச்சல் போடச் சொல்வேன். அப்படியே உறையச் சொல்வேன். பிறகு கையை மேலே, தலையைப் பின்னால், உடம்பை இடது பக்கம் வலது பக்கம். சிலர் சிரிப்பார்கள். வாள் பிடிக்கும் கைப்பக்க அக்குளை மட்டும் நானே தொட்டுப் பார்ப்பேன், கேட்டுவிட்டுத்தான். அங்கே விலா எலும்புகளுக்கு நடுவே வழி இருக்கிறது, உள்ளே நுரையீரல். விளையாட்டு ஃபென்சிங்கில் ஜாக்கெட்டுக்குள் பிளாஸ்ட்ரான் என்ற இன்னொரு அரைச்சட்டை போடுவது அந்த அக்குளுக்காகவே.

அதே இரவு, கொஞ்ச நேரம் கழித்து

லேபிளை விட்டுவிட்டேன்.

350 என்பது ஐரோப்பியத் தரமான இ.என். 13567இன் முதல் நிலை. இரண்டாம் நிலை 800. குறிப்பிட்ட வடிவமுள்ள ஒரு முனையை அந்தத் துணியில் வைத்து, குறிப்பிட்ட விசை வரை அழுத்தி, துளைக்கிறதா என்று பார்க்கிறார்கள். 350 நியூட்டன் என்றால் ஏறத்தாழ 35 கிலோ எடை அந்த முனைமேல் உட்கார்ந்தது போல. உலக ஃபென்சிங் கூட்டமைப்பான எஃப்.ஐ.இ. தன் போட்டிகளுக்கு உடுப்பில் 800, மாஸ்க் பிப்பில் 1600 கேட்கிறது.

இப்போது உங்கள் மாஸ்க்கைப் பாருங்கள். அந்த 1600 கம்பி வலையைப் பற்றிய எண் இல்லை. கீழே தொங்கும் துணியைப் பற்றியது. வலைக்குச் சோதனை தனி. இதை "என் மாஸ்க் 1600 தாங்கும்" என்று சொல்லித் திரிகிறவர்கள் நிறைய.

இன்னொன்று: துளைக்காது என்றுதான் லேபிள் சொல்கிறது, வலிக்காது என்று சொல்லவில்லை. விலா எலும்புக்கு லேபிள் படிக்கத் தெரியாது. அந்த எண் புதுத் துணிக்கு உரியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பிறகு.

பிப்ரவரி 8

பிளேடு. இதற்குத்தான் இந்தப் பக்கமே வந்தேன், உட்கார்ந்து எழுதுகிறேன்.

மற்ற சாமான் எல்லாம் போட்டிருப்பவரைக் காக்க. பிளேடைச் சோதிப்பது எதிரில் நிற்பவருக்காக. "என் வாள், எனக்குத் தெரியும், விடுங்க" என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். உங்கள் வாளுக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்பதில்லை. அதன் முனையில் நிற்பது வேறொருவர்.

கையில் வாங்கியதும் முதலில் நீளவாக்கில் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன். மெதுவான, நீண்ட, ஒரே பக்க வளைவு இருந்தால் கவலையில்லை. குத்துப் பட்டுப் பட்டு எல்லா பிளேடும் அப்படி ஆகும். பாம்பு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்திருந்தால், கீழே வைத்து நேராக்கிவிட்டு வரச் சொல்வேன். ஒரே இடத்தில் மூலை மாதிரி மடங்கியிருந்தால் அந்த பிளேடு அன்றைக்கு வேண்டாம். அப்படி மடங்கிய இடத்தில் உலோகம் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கிறது. நேராக்கினால் கண்ணுக்கு நேராகும், களைப்பு போகாது. அடுத்த குத்தில் அதே இடத்தில்தான் மடங்கும், ஒரு நாள் அங்கேயே போகும்.

பிறகு வளைத்துப் பார்ப்பது. வளைவு முனைப்பக்கம் பரவலாக வர வேண்டும். எங்கேயாவது ஒரு இடம் மட்டும் திடீரென்று இணங்கினால் அங்கே விரிசலோ, அரத்தால் அளவுக்கு மேல் தேய்த்த இடமோ இருக்கும். வளைத்தபடியே வெளிச்சத்தில் திருப்புங்கள். மயிரிழை விரிசல் நேராக இருக்கும்போது மூடிக்கொள்ளும், வளைத்தால்தான் வாய் திறக்கும். சுண்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. நல்ல பிளேடு கணீர் என்று ஒலிக்கும், விரிசல் விட்டது மொட்டையாக ஒலிக்கும். ஆனால் கைப்பிடி லூசாக இருந்தாலும் அதே மொட்டைச் சத்தம்தான். அதனால் சுண்டுவதை மட்டும் நம்பி ஒன்றும் சொல்லாதீர்கள்.

விளிம்பில் விரலை ஓட்டாதீர்கள், தயவுசெய்து. பழைய நைலான் காலுறையையோ பஞ்சையோ ஓட்டுங்கள். பிசிறு இருந்தால் அது பிடித்துக்கொள்ளும். பிளேடும் பிளேடும் மோதிப் பிசிறு வருவது சாதாரணம், ஒரு சின்ன அரமும் உப்புத்தாளும் போதும். குறுக்கே தேய்க்கக் கூடாது, நீளவாக்கில். குறுக்கே விழுகிற கீறல் ஒவ்வொன்றும் விரிசல் தொடங்க ஒரு வாசல்.

கைப்பிடியைப் பிடித்து உதறுங்கள். கடகடவென்றால் பொம்மல், அதாவது கைப்பிடியின் கடைசியில் இருக்கும் குமிழ், தளர்ந்திருக்கிறது. முறுக்கினால் சரி. முறுக்கியும் ஆடினால் உள்ளே டாங் பக்கம், அதாவது கைப்பிடிக்குள் போகும் பிளேடின் வால் பக்கம், பார்க்க வேண்டும். துருவும் களைப்பும் சேர்ந்து வேலை செய்கிற இடம் அது, கண்ணுக்கும் தெரியாது.

வளைவுக்கு எண் கேட்பவர்களுக்கு: பழைய கால வாள் சண்டையை மறுபடி நடத்தும் எஸ்.சி.ஏ. என்ற அமைப்பு கனமான ரேபியருக்கு வைத்திருக்கிற அளவு எளிமையானது. கைப்பிடியைக் கிடைமட்டமாக இறுக்கிப் பிடித்து, முனையில் 170 கிராம் தொங்கவிட்டால், முனை 12.5 மி.மீ.யாவது தாழ வேண்டும். இரண்டு கையால் வீசும் லாங்சோர்டு ஆட்கள் வாளைச் செங்குத்தாகத் தராசின்மேல் நிறுத்தி அமுக்கி, வளையத் தொடங்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். கணக்கு வேறு, கேள்வி ஒன்றுதான்: குத்து படும்போது இணங்குவது பிளேடா, எதிராளியின் நெஞ்சா?

பிப்ரவரி 9

டிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், மதியக் கேள்விக்கு விடை அங்கேதான்.

காலையில் பார்த்த ஜாக்கெட் மதியமும் அதே ஜாக்கெட். காலையில் பார்த்த டிப் மதியம் களத்தின் ஓரத்தில் புல்லுக்குள் கிடக்கலாம். மொத்தச் சாமானிலும் ஒரே நாளில் இல்லாமல் போகக்கூடியது அது ஒன்றுதான்.

எஸ்.சி.ஏ. விதி: முனையின் மொட்டை முகம் குறைந்தது 9 மி.மீ. அகலம். டேப்போ பசையோ போட்டு நிறுத்தியிருக்க வேண்டும். பிளேடின் நிறத்துக்கு மாறான நிறம் வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள். கறுப்பு ரப்பர், கறுப்பு டேப், கருத்த பிளேடு. பார்க்க அழகு. கழன்று போனால் மூன்றடி தள்ளி நிற்பவருக்குத் தெரியுமா? மஞ்சளோ சிவப்போ ஆரஞ்சோ ஒட்டுங்கள். கழன்றதை முதலில் பார்க்கப் போகிறவர் எதிராளி. அவருக்குத் தெரிகிற நிறமாக இருக்கட்டும்.

ரப்பர் உள்ளிருந்தும் சாகும். பிளேடின் தட்டையான முனை ஒவ்வொரு குத்திலும் ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். வெளியே பார்த்தால் புத்தம் புதுசாக இருக்கும். கட்டைவிரலால் நேராக அமுக்கிப் பார்த்தால் உள்ளே எஃகு தட்டுப்படும். அதைத் தடுக்கத்தான் பலர் உள்ளே ஒரு வாஷரோ காசளவு தோல் துண்டோ வைக்கிறார்கள். ரொம்ப நாள் பையில் கிடந்த டிப் கெட்டிப்பட்டு நகம் இறங்காது. அதையும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

பிப்ரவரி 9, மறுபடி

"மராஜிங் எஃகு பிளேடு உடைந்தாலும் மொட்டையாகத்தான் உடையும், அதனால் பயமில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது ஃபென்சிங் கூடங்களில் நெடுநாளாக உலவும் கதை. உண்மையில்லை. மராஜிங் என்ற கலப்பு எஃகின் சிறப்பு அதில் விரிசல் மெதுவாக வளர்வது. கார்பன் எஃகைவிட அதிக நாள் தாங்கும். ஆனால் உடைகிற நேரம் வந்தால் அதுவும் கூராகவே உடையலாம்.

அந்த எஃகு கட்டாயமான கதையும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1982, ரோம், உலக சாம்பியன்ஷிப். விளாதிமிர் ஸ்மிர்னோவ், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபாயில் என்ற மெல்லிய வாள் பிரிவில் தங்கம் வாங்கியவர். எதிராளி மத்தியாஸ் பேரின் பிளேடு குத்தும்போது உடைந்தது, உடைந்த முனை மாஸ்க்கின் வலையைத் துளைத்துக் கண்வழியாக மூளைக்குப் போனது. சில நாட்களில் இறந்தார். பிளேடு, மாஸ்க், உடுப்பு மூன்றின் தரமும் அதன் பிறகுதான் இறுகியது. அங்கே நடந்தது உலகின் மேல்மட்டப் போட்டி. சாமான் இல்லாதவர்களின் கொல்லைப்புற விளையாட்டு இல்லை.

பிப்ரவரி 10

பழசும் அப்படித்தான். 1559இல் பிரான்சின் இரண்டாம் ஹென்றி ராஜா ஈட்டிப் போட்டியில் இறங்கினார். எதிராளியின் ஈட்டி உடைந்தது, சிம்பு தலைக்கவசத்தின் கண்திறப்பு வழியே போனது, பத்து நாளில் ஆள் இல்லை. ராஜாவுக்குச் செய்த கவசம், அதைவிட நல்ல கவசம் கிடைக்குமா? உடைந்தது ஒன்று, திறந்திருந்தது ஒன்று. நடுவில் நானூற்றுச் சொச்சம் ஆண்டு இருந்தாலும் ரோமில் நடந்ததும் அதே வகைதான். பரிசோதனையில் பார்ப்பதும் அந்த இரண்டைத்தான்: எது உடையும், எங்கே திறக்கும்.

கம்பிவலை மாஸ்க் பரவலானதே 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். அதற்கு முந்தைய ரேபியர்காரர்கள் முகத்தில் ஒன்றுமில்லாமல்தான் பழகினார்கள். "அந்தக் காலத்து மாதிரியே செய்ய வேண்டும்" என்று என்னிடம் அடம்பிடித்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். மாஸ்க் விஷயத்தில் மட்டும் நவீன காலத்தில் இருக்கச் சம்மதித்தார்.

பிப்ரவரி 13

மாஸ்க். கேள்வியில் "கட்டைவிரலால் அமுக்குகிறார்" என்றிருந்தது. அது எதற்கு என்றால், வலை மெத்தென்று இணங்குகிறதா என்று பார்க்க. இரண்டு கட்டைவிரலையும் வைத்து, மூக்குக்கு நேரே, கன்னத்தில், காதுப்பக்கம் என்று நகர்த்தி அமுக்க வேண்டும். ஒரே இடத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவது கணக்கில்லை.

முறையான சோதனை பஞ்ச். ஸ்பிரிங் வைத்த கூம்பு முனைக் கருவி, 12 கிலோ அழுத்தம். வலைக்கண் விரிந்து முனை உள்ளே போனால் மாஸ்க் தேறவில்லை. இதை எல்லா நிகழ்ச்சியிலும் எல்லா மாஸ்க்கிலும் செய்ய வேண்டும் என்று முன்பு வாதிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதி இல்லை. ஒவ்வொரு முறையும் குத்துவதே வலைக்கு ஒரு அடி. மார்ஷலுக்கு மார்ஷல் கை அழுத்தமும் ஒரே மாதிரி இல்லை, ஒருவர் தடவுவார், ஒருவர் பழிதீர்ப்பார். சந்தேகம் வந்தால் பஞ்ச், இல்லாவிட்டால் கண்ணும் விரலும் என்பது இப்போதைய என் பழக்கம்.

சந்தேகம் எங்கே வரும்? நடுவில் மூக்குக்கோட்டில் வலை மடங்கும் இடம். அங்கே கம்பி ஏற்கெனவே வளைந்து பலவீனம். பள்ளம் விழுந்து, தட்டி நிமிர்த்திய அடையாளம் இருந்தால் சந்தேகம். வலை சட்டத்தோடு சேரும் ஓரம் முழுவதும். மாஸ்க்குக்கு உள்ளே, தாடைப் பஞ்சைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். வியர்வை தேங்கித் துரு பிடிப்பது அங்கேதான், வெளியே பளபளவென்று இருக்கும். பிப்பின் தையல் ஒரு பக்கம் விட்டிருந்தால் அந்த 1600க்கு அர்த்தமில்லை.

கடைசியில் பொருத்தம். போட்டுக்கொண்டு தலையை ஆட்டச் சொல்வேன், தாடையைப் பிடித்து மேலே தள்ளிப் பார்ப்பேன். கழன்று வந்தால் மற்ற சோதனை எல்லாம் வீண். பின்பக்க நாக்கு தளர்ந்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு "நாள் முழுக்க விழவேயில்லை" என்றார் ஒருவர். விழாததற்குக் காரணம் அன்றைக்கு அவர் முகத்தில் யாரும் குத்தாததுதான்.

பிப்ரவரி 13, பின்னிணைப்பு

லாங்சோர்டுக்கு இதே மாஸ்க் போதுமா என்று கேட்டவருக்கு: வலையாக மட்டும் போதாது. இந்த மாஸ்க்குகள் எந்த ஆயுதத்துக்காகச் செய்தவை என்று யோசியுங்கள். விளையாட்டு ஃபென்சிங்கின் மூன்று வாள்களில் ஃபாயிலும் சேபரும் அதிகபட்சம் 500 கிராம், எப்பே 770 கிராம். லாங்சோர்டு ஒன்றரைக் கிலோ பக்கம் வருகிறது, அதுவும் இரண்டு கையால், வெட்டு. வலை துளைபடாது, ஆனால் அடி தலைக்குள் போகும். அதனால் மேலே மெத்தை உறை, பின்மண்டைக்குக் கெட்டிக் காப்பு. பின்மண்டையில் வலையே கிடையாது என்பதை முதல் அடி வாங்கும் வரை பலர் கவனிப்பதில்லை.

பிப்ரவரி 16

தொன்மைத் தோற்றத் தலைக்கவசம் வைத்திருக்கிறவர்கள் கோபிக்கக் கூடாது. எனக்கும் ஆசை உண்டு. ஓட்டை போட்ட தகட்டில் செய்த முகப்பு என்றால், துருவேறா எஃகு 0.8 மி.மீ., சாதா எஃகு 1 மி.மீ.யாவது இருக்க வேண்டும், ஓட்டை 3 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் என்ன என்று கேட்கிறவருக்கு ரோமை மறுபடி படிக்கச் சொல்வேன். டிப் போட்ட முனை நுழையாதுதான். உடைந்த முனைக்கு டிப் கிடையாது.

உடையலங்காரம் மார்ஷலுக்கு எதிரி. கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வெள்ளை ரஃப் காலர் போட்டுக்கொண்டு வருகிறார்கள், அதற்குக் கீழே கார்ஜெட் இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? தூக்கிக் காட்டச் சொன்னால் "ஒரு மணி நேரம் கஞ்சி போட்டது" என்கிறார்கள். கார்ஜெட் தொண்டைக்குழியையும் பின்கழுத்து எலும்பையும் இரண்டையும் மூட வேண்டும். முன்னால் மட்டும் கெட்டியாக, பின்னால் நாடா மட்டும் இருக்கிற அழகுச்சாமான் செல்லாது. கீறல் கீறலாகப் பிளந்து உள்துணி தெரியும் டப்லெட் என்ற பழைய கால மேல்சட்டையும் அப்படித்தான். எதிராளியின் டிப் அந்தக் கீறலில் மாட்டினால் வழுக்காமல் நின்று அங்கேயே முழு விசையையும் இறக்கும். கீறலுக்கு உள்ளே இருக்கும் துணிதான் உண்மையான காப்பு, அதைத்தான் விரல் விட்டுப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 17

சொந்தமாகத் தைத்துக்கொள்கிறவர்களுக்கு.

கெட்டியான பாப்ளின் நான்கு அடுக்கு என்பது எஸ்.சி.ஏ.யில் தேறும் என்று ஒத்துக்கொண்ட கணக்கு. நான்கு என்றால் எல்லா இடத்திலும் நான்கு. தோள் மூட்டுத் தையலில், அக்குளில், பொத்தான் வரிசையில் எத்தனை அடுக்கு என்று எண்ணுங்கள். முன்பக்கம் பொத்தானுக்கும் பொத்தானுக்கும் நடுவில் வாய் திறக்கிற ஜாக்கெட்டுக்கு உள்ளே ஒரு அகலப் பட்டை வேண்டும். தைக்கும்போதே அதே துணியில், அதே அடுக்கில் ஒரு கைக்குட்டை அளவு துண்டு தைத்து, ஜாக்கெட்டோடு சேர்த்துத் துவைத்து வாருங்கள். எடையைக் குழாய்க்குள் விடுகிற டிராப் டெஸ்ட் கருவியில் அந்தத் துண்டைத் துளைத்துப் பார்க்கலாம். ஜாக்கெட்டில் ஓட்டை போட வேண்டியதில்லை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நல்ல தையற்காரர், சுமாரான வாள்காரர்.

கெவ்லார் கலந்த துணிக்கு வெயிலும் ப்ளீச்சும் ஆகாது. மொட்டைவெயிலில் கொடியில் காயப்போட்டால் பார்க்க அப்படியே இருக்கும், பலம் மட்டும் போகும். முன்பு "அதைப் பற்றிப் பிறகு" என்று சொன்னது இதுதான். லேபிள் மங்குவதில்லை, துணி மங்குகிறது.

பிப்ரவரி 18

முதல் குறிப்பில் திறப்பு, திறப்பு என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் எல்லாவற்றுக்கும் மேல் கெட்டிப் பிளாஸ்டிக் போட்டுக்கொண்டால் தீர்ந்ததே என்கிறார். தீராது. கெட்டி நெஞ்சுக்காப்பு வெறுமனே மேலே இருந்தால் டிப் அதில் நிற்காது, வழுக்கும். வழுக்கி எங்கே போகும்? மேலே போனால் தொண்டை, பக்கத்தில் போனால் அக்குள். அதனால் கெட்டியானதற்கு மேல் துணியோ ஃபோமோ வேண்டும், டிப் பிடித்து நிற்க. எங்கே திறக்கிறது என்று பார்ப்பதோடு எது எங்கே தள்ளுகிறது என்றும் பார்க்க வேண்டும். இதை முதல் குறிப்பிலேயே சேர்த்துப் படியுங்கள்.

பிப்ரவரி 21

வேண்டாம் என்று சொல்வது எப்படி என்று புதிதாக மார்ஷல் ஆனவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

விரிசலைக் கண்டுபிடிப்பது சுலபம். அதை அதன் சொந்தக்காரரிடம் சொல்வதுதான் கஷ்டம். எனக்கு வாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஒருநாள் தன் பிளேடை நீட்டினார். முனையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மூலை மடங்கல். "ஐயா, இது வேண்டாம்" என்றேன். "நான் இதை எத்தனை வருஷமா வச்சிருக்கேன் தெரியுமா?" என்றார். அதுதான் பிரச்சினையே என்று சொல்ல வாய் வரவில்லை. பிளேடை அவர் கையிலேயே கொடுத்து வளைக்கச் சொன்னேன். அவரே பார்த்தார். ஒன்றும் பேசாமல் வேறு எடுத்து வந்தார்.

அன்றிலிருந்து அதுவே என் வழி. நான் தீர்ப்புச் சொல்வதில்லை, பார்க்க வைக்கிறேன். "இங்கே விரலை வைங்க, ஏதாவது தட்டுப்படுதா?" பத்தில் ஒன்பது பேர் தாங்களே "ஐயோ, இது ஆகாது" என்பார்கள். பத்தாவது ஆளிடம் "இன்னைக்கு இதோட இறங்க முடியாது" என்று ஒரே வாக்கியம். விளக்கம் கொடுக்கக் கொடுக்க அது பேரமாகிவிடும்.

மார்ஷல் தன் சாமானைத் தானே சோதிக்கக் கூடாது. நிகழ்ச்சி நடத்துகிற அவசரத்தில் இதுதான் முதலில் விட்டுப்போகிறது. நாள் முழுவதும் மற்றவர்களின் டிப்பை அமுக்கிவிட்டு, கடைசியில் தான் இறங்கும்போது யாரும் கேட்பதில்லை, "மார்ஷல்தானே". இளையவர் ஒருவரைக் கூப்பிட்டு "தம்பி, என்னைப் பார்" என்று கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கும் பழக்கமாகும். உற்சாகத்தில் கொஞ்சம் அதிகமாகவே தேடுவார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிப்ரவரி 22

பட்டியல் போடச் சொல்லி மூன்று பேர். போடமாட்டேன். பட்டியல் கையில் இருந்தால் கண் பட்டியலைப் பார்க்கும்.

பையில் என்ன வைத்திருக்கிறேன் என்றால் சொல்லலாம்: சின்ன அரம், உப்புத்தாள், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் டேப், உபரி டிப், பொம்மலுக்கு ஸ்பானர், டார்ச். டார்ச்சை மற்றவர்கள் கடன் வாங்கித் திருப்பித் தரமாட்டார்கள், இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 22, சின்னச் சின்ன பதில்கள்

கிளவுஸ்: ரேபியருக்குத் தோல் போதும், உறை முன்கையில் நன்றாக ஏறி சட்டைக்கைக்கு மேலே இருக்க வேண்டும். சட்டைக்கை கிளவுஸுக்கு மேலே வந்தால் டிப் நேராக உள்ளே போகும் பாதை அது. லாங்சோர்டுக்கு விரல் எலும்புதான் முதலில் போகும், தோல் கிளவுஸை மறந்துவிடுங்கள்.

மோதிரம்: கழற்றுங்கள்.

பக்லர், அதாவது கையில் பிடிக்கும் சின்னக் கேடயம்: ஓரம், ரிவெட் தலை, பின்பக்கப் போல்ட் நீண்டிருக்கிறதா. பக்லரையும் ஆயுதம் மாதிரியே சோதிக்க வேண்டும். அதுவும் எதிராளியின் கையில் படும்.

குத்துவாள்: நீளம் குறைவு என்பதால் வளைய இடமும் குறைவு. ரேபியரைவிடக் கவனமாக வளைத்துப் பாருங்கள். பலர் இதைப் பார்ப்பதேயில்லை.

கண்ணாடி போடுகிறவர்கள்: மாஸ்க்குக்குள் சட்டம் வலையைத் தொடாமல் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 25

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, "சண்டைக்கு நடுவில் யார் பார்ப்பது?" என்கிறார். நல்ல கேள்வி. இதில் விதியைவிட நடைமுறைதான் பெரிது.

எதிராளி. அவருக்கு எந்த நேரத்திலும் உங்கள் வாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை இருக்க வேண்டும். கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். பிளேடு வழக்கத்துக்கு மாறாக வளைந்த ஒவ்வொரு குத்துக்குப் பிறகும் "ஹோல்ட்" சொல்லிவிட்டு முனையைப் பாருங்கள். இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் டிப்பை விரலால் தொட்டுப் பார்ப்பது மூச்சுவிடுகிற மாதிரி பழகிவிடும்.

பிளேடு உடைந்தால் வேலை இரண்டு மடங்கு. ஒருவர் உடைந்த துண்டைத் தேட வேண்டும், கிடைக்காமல் யாரும் களத்தில் இறங்கக் கூடாது. இன்னொருவர் எதிராளியைப் பார்க்க வேண்டும். "ஒன்றும் ஆகலை" என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள், அந்த நேரத்தில் உடம்புக்கு வலி தெரியாது. உடுப்பில் துளை இருக்கிறதா, மாஸ்க் வலையில் கம்பி விலகியிருக்கிறதா, துளை இருந்தால் உள்ளே தோலில் என்ன இருக்கிறது என்று வரிசையாகப் பார்த்த பிறகுதான் மற்றது. காலையில் தேறிய ஜாக்கெட்டும் மாஸ்க்கும் அந்த நொடியோடு தேறாதவை. மறுபடி சோதிக்காமல் அடுத்த சுற்று இல்லை.

மார்ச் 1

கடைசியாக வந்த கேள்வி: விரிசல் விட்ட பிளேடை என்ன செய்வது?

ஓரத்தில் சாத்தி வைக்காதீர்கள். எல்லாக் கூடத்திலும் ஒரு மூலை இருக்கும், அங்கே "பார்த்துக்கலாம்" என்று வைத்த பிளேடுகள் நாலைந்து நிற்கும். சில மாதம் கழித்து, வாள் கொண்டுவராத புதியவருக்கு யாரோ அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பார். கொடுக்கிறவருக்கு விரிசல் கதை தெரியாது. ஒரு கூடத்தில் இதைக் கண்ணால் பார்த்து, கையிலிருந்து பிடுங்கியிருக்கிறேன்.

அன்றைக்கே விரிசலில் வைத்து ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். கண்ணாடியும் கிளவுஸும் போட்டுக்கொண்டு, வைஸில் பிடித்து. மடக்கி உடைக்க முயல வேண்டாம், துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. அறுத்த முனையை டேப்பில் சுற்றி இரும்புக் கழிவில் போடுங்கள். கையைக் காக்கும் கார்டு, கைப்பிடி, பொம்மல் மூன்றும் அடுத்த பிளேடுக்கு ஆகும். ஆனால் பொம்மலின் மரை டாங்கின் மரைக்குச் சேருமா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், செய்பவருக்குச் செய்பவர் அளவு மாறுகிறது.